காதில் கோளாறு இல்லை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஐந்து தொலைபேசிகள் இருந்தன. மூன்றாவது தொலைபேசிக்கு முன்னால் இருபத்திரண்டு வருடமாக ஒரே பெண்தான் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'மூணாம் நம்பர் அக்கா'. அவளைவிட ஏழெட்டு வயது மூத்த காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான், தெருமுனையில் குழாய் உடைந்து மூன்று நாளாக ஆறாக ஓடுகிறது, நீயெல்லாம் எதுக்கு அங்க உக்காந்திருக்க என்று ஒரு நாளைக்கு நூறு பேராவது பேசுவார்கள். ரிசீவரை எடுத்ததும் எதிர்முனையில் இழுக்கிற மூச்சை வைத்தே, இந்த ஆள் அழப்போகிறாரா திட்டப்போகிறாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். திட்டுகிறவர்களை அவள் மறித்ததில்லை. அவர்களுக்கு மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, "முகவரி சொல்லுங்க சார்" என்பாள். அதற்கு மேல் அவர்களுக்கும் திட்டத் தோன்றாது. ஒரு அழைப்புக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் பின்னால் வந்து நின்று செருமுகிற மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'கடிகாரம்'. அவருடைய செருமலும் அவளுக்குப் பழகிப்போன ஒன்றுதான்.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு வந்திருந்தது நோய் ஒன்றுமில்லை, அலுப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரமாவது யாரும் வாயைத் திறக்காமல் இருக்கமாட்டார்களா என்றிருக்கும். வாய்த்த கணவனோ மருந்துக்கடையில் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று இருபத்தைந்து வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். அரை டாக்டர் என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர். கடைக்கு வந்தவர்களின் வயிற்றுவலி, முழங்கால்வலி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டு முடித்துக் கை காயும்வரை சொல்லுவார். அவள் 'ம்' கொட்டுவாள். ஒரே மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மணி அடித்தது. எடுத்து, "வணக்கம், குடிநீர்ப் புகார், சொல்லுங்க" என்றாள். எதிர்முனையில் ஒரு ஆண் குரல் வந்தது. குரல் என்று தெரிந்தது, கோபம் என்றும் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு கடகடப்பு. வேற்று மொழிக்காரர் போல என்று நினைத்தாள். அடுத்த அழைப்பும் அப்படியே. லைனில் ஏதோ பழுது என்று எழுந்து, இரண்டாம் நம்பர் பெண்ணிடம், "இங்க பாரும்மா, என் போன்ல ஒரே கரகரப்பு" என்றாள். அந்தப் பெண் பதில் சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வந்தது. அதே கூழாங்கல்.

தலைக்கு மேல் மின்விசிறி கிரீச்சிட்டது துல்லியமாகக் கேட்டது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்புவது கேட்டது. காவலாளி தேநீர்க் குவளையில் கரண்டியால் கலக்குவது கேட்டது. தான் பேசியதுதான் இன்னும் பயமாக இருந்தது. சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது தன் காதுக்குத் திரும்பி வந்தபோது யாரோ முனகுவது மாதிரி இருந்தது.

"எனக்கு எல்லாம் கேக்குது. ஆனா ஒண்ணுமே புரியல" என்றாள்.

அட்சரம் பிசகாமல், வழக்கமான குரலில் சொன்னாள். அதனால் இரண்டாம் நம்பர் பெண் சிரித்துவிட்டாள்.

கணவர் கடையிலிருந்து ஓடிவந்தார். காதில் அடைப்பு என்று கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் நேராகக் காதுப் பிரிவுக்குத்தான் அழைத்துப் போனார். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி எழுதிக் காட்டினார்கள். அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்கிற இன்னொரு சோதனையும் உண்டாம். அன்றைக்கு வெளியே கூட்டம் வழிந்தது, அதை யாரும் செய்யவில்லை. கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். 'இரு காதுகளிலும் செவித்திறன் இயல்பு. கோளாறு ஏதுமில்லை.'

அடுத்த ஏழு வாரம் அந்தத் தாள் அவளைப் படுத்திய பாடு சொல்லி மாளாது.

கடிகாரம் அந்தத் தாளை நகலெடுத்துக் கோப்பில் வைத்தார். விடுப்புக் கேட்டபோது 'காரணம் போதவில்லை' என்று எழுதித் திருப்பினார். அவள் தினமும் போய் மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி அடிப்பது கேட்கும். எடுக்க மாட்டாள். புகார்ப் பிரிவை விட்டு வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மனுப் போட்டிருந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மனுவுக்கு நடக்காதது இப்போது நடிப்புக்கு நடக்கப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அவள் எதிரிலேயேதான் பேசினார்கள். அதற்காகக் குரலைத் தாழ்த்தவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வீட்டுக்கு ஒத்தாசையாக வந்திருந்த நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"குக்கர் விசில் கேக்குது. வாசல் மணி அடிச்சா ஓடுறா. நேத்து பூனை கத்துனதுக்கு ஜன்னலைச் சாத்துறா. நான் வாயத் தொறந்தா மட்டும் காது அடைச்சுக்குதாம். எத்தனை வருஷ ஆசைடா தம்பி இது?"

"சும்மா இரு அக்கா" என்றார் கணவர். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. சத்தமாகப் பேசிப் பார்த்தார். சத்தம் கூடக் கூட அவள் முகம் இன்னும் சுருங்கியது. வாயில் வார்த்தை வராத நோயாளிகளை அவர் பார்த்திருக்கிறார். இவள் கோர்வையாகப் பேசுகிறாள், செய்தித்தாளை முழுதாகப் படிக்கிறாள், கடைக்குச் சீட்டு எழுதுகிறாள். பேச வருகிற ஆளுக்குப் பேச்சுப் புரியாதென்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஒரு நாள் சாயங்காலம் அவள் சமையலறையில் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பின்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். அவள் திரும்பினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மறுபடியும் திரும்பிப் பாத்திரத்தைத் தேய்த்தாள். அவர் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

மகள் லீவு போட்டு வந்ததுதான் காரியத்தை நகர்த்தியது. கைப்பேசியில் அம்மாவுக்கு எழுதி அனுப்பினால் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பதில் வருகிறது, பேசினால் மட்டும் எதிர்முனையில் மூச்சுதான் கேட்கிறது என்பது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வந்தவள் அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடைவெளி விட்டு, "அம்மா... நான்... பேசுறது... புரியுதா?" என்று கேட்டாள்.

அவள் மகளின் உதட்டையே பார்த்தாள். "அம்மான்னு சொன்ன. அப்புறம் 'புரியுதா'ன்னு கேட்ட. நடுவுல தெரியல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ஏழு வாரத்தில் முதன்முதலாக அவளுக்குப் புரிந்த இரண்டு வார்த்தைகள் அவை.

மகள் மறுநாளே மூளை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மண்டையைப் படம் எடுத்தார்கள். படத்தில் காதுக்கு நேர் உள்ளே இடது பக்கம் ஒரு சின்ன வெள்ளைத் தடம், ரத்தம் ஓடாமல் பழுதான இடம், புதியது. வலது பக்கம் ஏறக்குறைய அதே இடத்தில் இன்னொன்று, பழையது.

"இது எப்ப வந்துச்சு?" என்று மருத்துவர் பழைய தடத்தைக் காட்டி எழுதிக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் தலைவலியும் கிறுகிறுப்புமாக இருந்தது. கணவர் பித்தம் என்று சொல்லி இரண்டு பட்டை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். அவளும் ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்குப் போனாள். ஒரு பக்கம் போனதை மறுபக்கம் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனபோதுதான் வெளியே தெரிந்தது. கணவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். அவள் மேசையில் ஒரு வெள்ளைப் பலகையும் கறுப்புப் பேனாவும் எப்போதும் இருக்கும். முதல் நாளே பொறுமையாக எழுதி எழுதி விளக்கினாள். காது நன்றாகத்தான் வேலை செய்கிறது. காது வாங்கிய சத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது மூளையின் வேலை. விசிறியின் கிரீச்சோ, வண்டிச் சத்தமோ நின்று நிதானமாக வரும். பேச்சு அப்படி இல்லை. 'பல்' என்பதற்கும் 'கல்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கண் இமைப்பதற்குள் வந்து போய்விடும். அந்த வேகத்தில் பிடிக்கிற இடம்தான் உங்களுக்குப் பழுதாகியிருக்கிறது. குரல் யாருடையது, கோபமா சிரிப்பா என்பதைப் பிடிக்கிற வழி வேறு. அது பெரிய சேதமில்லாமல் தப்பியிருக்கிறது.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"அப்ப நான் நடிக்கல" என்றாள்.

பயிற்சியாளர் பலகையைத் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதினாள். பிறகு, 'யார் அப்படிச் சொன்னது?' என்று எழுதினாள்.

சொன்னவர்களின் பட்டியல் நீளமாக இருந்தது. அதில் மூன்று பேரை மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வரச்சொல்லிக் கடிதம் போனது. கணவர், நாத்தனார், கடிகாரம். கடிகாரம் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "எனக்கு ஒரு இருபது நிமிஷம்தான் நேரம்" என்றார். பயிற்சியாளர், "அஞ்சு நிமிஷம் போதும் சார்" என்றாள்.

கணினியில் எதையோ தட்டினாள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. இரண்டு மூன்று விசில்கள் ஒன்றோடு ஒன்று பின்னி ஏறி இறங்குகிற மாதிரி. நான்கு விநாடி இருக்கும்.

"என்ன கேட்டுச்சு?"

"குருவி கத்துற மாதிரி இருக்கு" என்றார் கடிகாரம்.

"பழைய ரேடியோவைத் திருகுனா இப்படித்தான் வரும்" என்றார் கணவர்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. இதுக்கா கூப்பிட்ட?" என்றாள் நாத்தனார்.

மறுபடியும் போட்டாள். மறுபடியும் குருவிதான். மூன்றாவது முறை போட்டுவிட்டு, ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். அதில் ஒரே ஒரு வரி இருந்தது. 'மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க.'

"இப்பக் கேளுங்க" என்று, அதே சத்தத்தைத் திரும்பப் போட்டாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். விசில் பேசியது. தொட்டி என்றது, வழியுது என்றது, மோட்டார் என்றது. ஒரு ஆள் மூக்கடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, ஆனால் வார்த்தை வார்த்தையாக.

"வேற எதையோ மாத்திப் போட்டியா?" என்றாள் நாத்தனார்.

"அதேதான்மா. பேச்சுலேர்ந்து முக்கியமான இழையை மட்டும் உருவி விசிலா மாத்துனது. முதல்ல போட்டதுலேர்ந்து சத்தத்துல ஒரு துளிகூட மாத்தல. மாறுனது உங்க மண்டைக்குள்ள. முதல்ல இதை வெறும் சத்தம்னு நினைச்சு ஒரு பக்கம் தள்ளுச்சு. இது பேச்சுன்னு தெரிஞ்சதும் வேற வேலையை ஆரம்பிச்சிடுச்சு. இனிமே நீங்க நெனச்சாலும் இதைக் குருவியா கேக்க முடியாது, பாருங்க." இன்னொரு முறை போட்டாள். முடியத்தான் இல்லை. "உங்களுக்கு ஒரு தாள் குடுத்தேன், மாறிடுச்சு. அவங்களுக்கு எந்தத் தாளைக் குடுத்தாலும் அது மாறாது. வீட்டுல, ஆபீஸ்ல, தெருவுல எல்லாரும் பேசுறது முதல் தடவை நீங்க கேட்ட மாதிரிதான் அவங்களுக்கு."

கடிகாரம் கையிலிருந்த தாளை நாலாக மடித்தார். நாத்தனார் முந்திக்கொண்டு, "அய்யோ, எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

மூணாம் நம்பர் அக்கா மூலையில் உட்கார்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் அவளிடமும் இருந்தது. படித்தாள். ஐந்து முறையும் அவளுக்கு விசில்தான் கேட்டது. எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்ததைப் பார்த்தபோது, நிரூபணமாகிவிட்டது என்று புரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்றும் தோன்றியது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டும்போல இருந்தது.

அன்று சாயங்காலம் கணவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். வாய் ஓயாத மனிதர், எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்கு மேல் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

'அன்னைக்கு நீ பாத்திரம் தேச்சிட்டு இருந்தப்ப பின்னாடி வந்து உன் பொண்ணுக்கு ஆக்சிடெண்டுன்னு சொன்னேன். நீ நடிக்கிறியான்னு பாக்கறதுக்கு. பொய் சொன்னேன். மன்னிச்சிடு.'

அவள் படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

"என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா கெட்டது என்னமோ சொல்றீங்கன்னு குரல்லயே தெரிஞ்சுது. பொய்யாச் சொல்றீங்கன்னும் தெரிஞ்சுது. இருபத்தேழு வருஷமாக் கேக்குற குரல். எனக்கு வார்த்தைதான் போச்சு."

அவர் அழுதார். அந்தச் சத்தம் அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தோளைத் தொட வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை. அதற்கு இன்னும் சில மாதம் பிடித்தது.

அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், 'தங்கள் உடல்நிலை குறித்து ஏற்பட்ட ஐயப்பாடு வருந்தத்தக்கது' என்று ஒரு வரியும், 'குழாய்ப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றப்படுகிறீர்கள்' என்று இன்னொரு வரியும் இருந்தன. யார் ஐயப்பட்டார்கள் என்பதற்கு அதில் ஆளே இல்லை.

குழாய்ப் பிரிவின் வேலை விடிகாலையில், வண்டிச் சத்தம் எழுவதற்கு முன்னால். ஆளுயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தெருக்குழாயின் மூடியில் ஊன்றி, கிண்ணம் மாதிரி இருக்கும் மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். மண்ணுக்கு அடியில் எங்காவது கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு நீண்ட சீறல் வரும். பேச்சுப் புரியாமல் போனவளுக்கு மற்ற சத்தமெல்லாம் கூர்மையாகக் கேட்கிறதாம் என்று அலுவலகத்தில் ஒரு கதை கிளம்பியது. அதெல்லாம் ஒன்றுமில்லை. பத்து இடத்தில் குழாய் மேஸ்திரி ஏழு கண்டுபிடித்தால் அவள் ஆறு கண்டுபிடிப்பாள். சில நாள் ஐந்து. பாதம் வீங்கிப்போகும். ஆனாலும் அது அவளால் செய்ய முடிந்த வேலை.

மேஸ்திரியோடுதான் ஒரு சிக்கல். அவருடைய மீசை மேலுதட்டை முழுதாக மூடியிருந்தது. அவர் என்ன சொன்னாலும் அவளால் உதட்டைப் படிக்க முடியவில்லை. 'இங்க தோண்டு', 'அந்தப் பக்கம் போ' எல்லாவற்றையும் விரலால்தான் காட்டினார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவர் மீசையைப் பாதியாகக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றார். அவள் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்காகவா மேஸ்திரி?" என்றாள்.

"வெயில்... காலம்... வேர்க்குது" என்றார், அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, உதட்டை நன்றாகத் திறந்து.

அதை அவள் முழுதாகப் புரிந்துகொண்டாள். சிரிப்பும் வந்தது.

ஒரு வருடத்தில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்து, எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசினால், பத்து வார்த்தையில் ஏழு தெரியும். மிச்சம் மூன்றை ஊகித்துக்கொள்வாள். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் போச்சு. தொலைபேசி என்பது இனிமேல் இல்லை என்று பயிற்சியாளர் எழுதிக் காட்டிவிட்டாள். மகள் வாரத்துக்கு மூன்று முறை எழுதி அனுப்புகிறாள். நாத்தனார் வரும்போது இப்போதும் கத்தித்தான் பேசுகிறாள், சொல்லிப் பார்த்து எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மாதா மாதம் பயிற்சிக்குப் போய்விட்டு வரும்போது கணவனும் மனைவியும் பேருந்தில் எதிரெதிர் இருக்கையாகப் பார்த்து உட்காருவார்கள். போன மாதமும் அப்படித்தான். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் 'கடை' என்று விரலால் காற்றில் எழுதினார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, வாயைத் திறந்து, அவள் தலையசைக்கக் காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். இருமல் மருந்துக்குப் பதிலாகக் கால் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டதாம், வாங்கினவர் ஒரு மூடி குடித்தும் விட்டாராம். அவள் பாதியைப் பிடித்து, பாதியைக் கூட்டிச் சேர்த்துச் சிரித்தாள். அவருக்கு உற்சாகம் வந்து அடுத்ததற்குத் தாவினார். வேகம் கூடியது. வார்த்தைகள் மறுபடியும் கலங்கின. அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. பத்து நிமிடம் கேட்டால் ஒரு நாள் முழுக்க மூட்டை தூக்கிய அலுப்பு.

"போதுங்க. மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்க" என்றாள்.

அவர் நிறுத்தினார். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பேருந்து ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று போயிற்று. இறங்குகிற இடம் வந்ததும் அவர் எழுந்து, அவள் பையையும் எடுத்துக்கொண்டு, முழங்கையைத் தொட்டு எழுப்பினார்.